மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு: பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் மருத்துவக் கல்லூரியில் மருத்துவத் தகவலியலுக்கு இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டப்படிப்பு தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கணினித் துறையிலிருந்து சில தாள்கள், சமூக மருத்துவத் துறையிலிருந்து சில தாள்கள் என்று சேர்த்தால் போதுமா? மருத்துவர்களை மட்டும் சேர்ப்பதா, பொறியாளர்களையும் சேர்ப்பதா? ஆசிரியர்களுக்கு எங்கே போவது?

பதில்:

போதாது. இரண்டு துறைகளின் தாள்களைச் சேர்த்துக் கட்டிய படிப்பில் மாணவர்கள் இரண்டையும் அரைகுறையாகக் கற்பார்கள். வெளியே வந்த பிறகு மருத்துவமனையும் அவர்களை முழுதாக ஏற்காது, மென்பொருள் நிறுவனமும் ஏற்காது. ஆகவே பாடத்திட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். படித்து முடித்தவர் எந்தப் பணியிடத்தில், யாருக்குப் பதில் சொல்பவராக, என்ன அதிகாரத்தோடு உட்காரப் போகிறார் என்பது ஒன்று. படிக்கும் இரண்டு ஆண்டுகளும் அவர் பழகுவதற்கு, உண்மையான நோயாளிகளுக்காக அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தகவல் அமைப்பு உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை இருந்தால் பாடத்திட்டம் எழுதுவது சில மாத வேலை. இல்லையென்றால், எவ்வளவு நல்ல பாடத்திட்டமாக இருந்தாலும் முதல் இரண்டு மாணவர் அணிகளோடு நின்றுவிடும்.

நோயாளிகளைப் பற்றிய தகவல்களைக் கணினி வழியே திரட்டிச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் இந்தத் துறையின் முதுநிலைக் கல்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்பிரான் கல்லூரியும் சேர்ந்து 1972-இல் மருத்துவத் தகவலியலுக்கென்றே தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கின. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இத்துறையில் பயிற்சிக்கு நிதி தரத் தொடங்கியதும் அதே 1972-தான். ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1982-இல் நிறுவிய பட்டமேற்படிப்புத் திட்டம் பின்னாளில் பல பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. ஷார்ட்லிஃப் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு தொடங்கி உருவாக்கிய மைசின் என்னும் நிரல், நோய்த்தொற்றுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தருவது என்று ஆலோசனை சொல்லும். மூளையுறைக் காய்ச்சல் நோயாளிகளைப் பற்றி அது சொன்ன ஆலோசனைகளை, யார் சொன்னது என்று தெரிவிக்காமல் நிபுணர்களிடம் மதிப்பிடக் கொடுத்தபோது, அவை மருத்துவப் பேராசிரியர்களின் ஆலோசனைகளுக்குக் குறையாத மதிப்பெண் பெற்றன. ஆனாலும் மைசின் ஒருநாளும் வார்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோயாளியின் விவரங்கள் எங்கும் மின்வடிவில் இல்லாத காலம் அது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் கணினி முன் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தட்டச்சு செய்து பதில் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு வார்டில் நேரமும் இல்லை, கணினியும் இல்லை. நிரல் சரியாக இருப்பது வேறு, அது நோயாளிக்குப் பயன்படுவது வேறு. இந்த இடைவெளியைக் கடப்பதற்கான அறிவுதான் உங்கள் படிப்பின் நடுநாயகமாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அறிவு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நான் ஒவ்வோர் அணிக்கும் முதல் வாரத்திலேயே எடுக்கும் பாடம் ஒன்று உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் 2002-இல், மருத்துவர்கள் மருந்தையும் பரிசோதனையையும் கணினி வழியே எழுதும் முறையை ஆறே நாட்களில் மருத்துவமனை முழுவதும் கொண்டுவந்தார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக மாற்றி அனுப்பப்பட்ட 1,942 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த கட்டுரை, இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்ததைக் காட்டியது. மென்பொருள் தவறான மருந்தைச் சொல்லவில்லை. அதுவரை, ஆம்புலன்ஸில் குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் மருந்தை எழுதிவிடுவார், குழந்தை வந்து சேரும்போது மருந்து தயாராக இருக்கும். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவு முழுதாக முடிந்த பிறகுதான் கணினி எதையும் எழுத விடும். சில நொடிகளில் எழுதிய மருந்துச் சீட்டுக்குப் பத்து முறை வரை சொடுக்கி, ஒன்றிரண்டு நிமிடம் செலவிட வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் மருந்துகளை வார்டிலேயே வைத்திருக்கும் வழக்கத்தையும் மாற்றி மைய மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிர் ஊசலாடும் குழந்தைக்கு முதல் அரை மணி நேரத்தில் இவையெல்லாம் எவ்வளவு பெரிய தாமதம் என்பதை ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரைக் கேட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார்.

இப்பாடத்தின் மறுபாதி இன்னும் முக்கியமானது. சியாட்டிலின் குழந்தைகள் மருத்துவமனை, அதே நிறுவனத்தின் மென்பொருளை, பிட்ஸ்பர்க்கில் நடந்ததைக் கேட்டறிந்து, அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு தொடங்கியது. அங்கே இறப்பு விகிதம் உயரவில்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் இத்தகைய முறை வந்த பிறகு இறப்பு விகிதம் சுமார் 20 சதவீதம் குறைந்ததாக 2010-இல் ஆய்வு வெளியானது. தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். அதை வார்டுக்குள் கொண்டுபோன விதம் வேறு. இக்கட்டுரைகளைப் படிக்கவைத்து, 'ஆறு நாட்களுக்குப் பதில் நீங்கள் எத்தனை வாரம் கேட்டிருப்பீர்கள், முதலில் யாரைச் சந்தித்திருப்பீர்கள், எந்த அளவீட்டை அன்றாடம் கவனித்திருப்பீர்கள்?' என்று கேட்டால், மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்குவார்கள். கணினித் துறையிலிருந்தோ சமூக மருத்துவத்திலிருந்தோ கடன் வாங்கும் எந்தத் தாளும் இந்தப் பயிற்சியைத் தராது.

பாடத்திட்டத்தின் எலும்புக்கூட்டை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பன்னாட்டு மருத்துவத் தகவலியல் சங்கம் கல்விக்கான பரிந்துரைகளை 2000-இல் வெளியிட்டு, 2010-இல் திருத்தியது. 2023-இல் மறுபடியும் புதுப்பித்தது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு அறிவுப் பரப்பை மூன்றாகப் பிரிக்கிறது: தகவலியலுக்கே உரிய மையப் பகுதி, மருத்துவமும் சுகாதார நிர்வாகமும், கணினியியலும் கணிதமும் புள்ளியியலும். மாணவர் எந்தப் பின்னணியிலிருந்து வருகிறார் என்பதற்கேற்ப பின்னிரண்டின் அளவு கூடலாம், குறையலாம். முதல் பகுதி எல்லோருக்கும் பொது. புதிதாகத் தொடங்கும் இடங்களில் நான் பார்த்த குறை, பின்னிரண்டு பகுதிகளுக்கும் ஏற்கெனவே துறைகளும் ஆசிரியர்களும் இருப்பதால் அவை நேர அட்டவணையை நிரப்பிவிடுகின்றன, ஆள் இல்லாத முதல் பகுதி கடைசிப் பருவத்தில் விருப்பத் தாளாக ஒதுங்கிவிடுகிறது என்பதுதான். மருத்துவச் சொற்றொகுதிகளும் தரநிலைகளும், மின்னணு மருத்துவப் பதிவேட்டின் கட்டமைப்பு, மருத்துவ முடிவெடுப்புக்கு உதவும் அமைப்புகள், பணி ஓட்ட ஆய்வு, அமைப்புகளை மதிப்பிடும் முறைகள், தரவு மேலாண்மையும் அந்தரங்கப் பாதுகாப்பும் ஆகியவை முதல் ஆண்டிலேயே வரவேண்டும்.

தரநிலைகளைக் கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய்களுக்குக் குறியீடு தரும் ஐ.சி.டி., மருத்துவச் சொற்களுக்கான ஸ்நோமெட் சி.டி., ஆய்வகப் பரிசோதனைகளுக்கான லாயிங்க், அமைப்புகளுக்கிடையே தரவைப் பரிமாறுவதற்கான ஃபயர் என்று பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிவுரை எடுத்தால் மாணவர்கள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக உங்கள் ஆய்வகத்திலிருந்து நீரிழிவுக்கான எச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனையின் ஒரு மாதத்து முடிவுகளை, பெயர் நீக்கி, அப்படியே கொடுங்கள். '7.2', '7.2%', '7,2', 'எச்.பி.ஏ.1.சி. 7.2 மறுபரிசோதனை தேவை' என்று நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் அறிக்கையில் 48 என்று இருந்தால் அது பிழையல்ல, வேறு அலகில் எழுதிய 6.5 சதவீதம் என்பதைப் புரிந்துகொள்வார்கள். அதன் பிறகு, அந்தப் பரிசோதனைக்கு லாயிங்கில் 4548-4 என்ற எண் எதற்காக இருக்கிறது, அலகைத் தனிப் புலமாக, அதாவது பதிவில் தனிக் கட்டமாக, வைப்பது ஏன் என்பதை விளக்க நீண்ட விரிவுரை தேவைப்படாது. ஸ்நோமெட் சி.டி.யின் உறுப்பு நாடாக இந்தியா 2014 முதல் இருப்பதால் இங்கே அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. புணேயில் நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் தேசிய வள மையத்தில் உரிமம் பெற்றுக்கொள்ளலாம். வகுப்புக்கு அது போதும்.

இன்னொரு பயிற்சியை நம் ஊருக்கென்றே பரிந்துரைக்கிறேன். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள் உருவாகிவிட்டால் அவற்றைக் கண்டுபிடித்து இணைப்பது எந்த மருத்துவமனைக்கும் தலைவலியான வேலை. இதற்காக உலகெங்கும் பாடநூல்களில் வரும் பழைய முறை சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யெழுத்துகளை ஒலியினப்படி எண்களாக்கும். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் உள்ள ழகரத்தை ஒருவர் எல் என்று எழுதினால் சவுண்டெக்ஸ் தரும் குறியீடு டி542. அதையே இசட்-எச் என்று எழுதினால் டி524. ஒரே பெண்ணை இரண்டு பேராக அது பிரித்துவிடுகிறது. கயல்விழிக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்தை ஒரு மருத்துவமனை முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும். திருமணத்துக்குப் பிறகு பலருக்கு அது மாறியும்விடும். கடைசிப் பெயரைக் கட்டாயப் புலமாக வைத்திருக்கும் மென்பொருளில் பதிவு எழுத்தர் ஒரு புள்ளியையோ தந்தையின் பெயரையோ போட்டு நகர்ந்துவிடுவார். இவற்றைச் சமாளிக்கும் ஒரு பெயர்ப் பொருத்த முறையை மாணவர்களே எழுதி, எத்தனை இரட்டைப் பதிவுகளைப் பிடித்தது, எத்தனை வேறு வேறு ஆட்களைத் தவறாக ஒன்றாக்கியது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது வகைப் பிழையில்தான் ஆபத்து அதிகம். ஒருவருடைய மருந்து ஒவ்வாமை இன்னொருவருடைய பதிவில் போய் உட்கார்ந்துவிடும். நிரலாக்கம், புள்ளியியல், நோயாளி பாதுகாப்பு, உள்ளூர் வழக்கம் நான்கும் இந்த ஒரு பயிற்சியில் கூடிவருகின்றன.

மாணவர் சேர்க்கைக்கு வருகிறேன். மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், பொறியாளர், புள்ளியியலாளர் அனைவரையும் சேர்க்கலாம் என்பதே என் பரிந்துரை. ஆனால் ஒரே பின்னணியினர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மட்டுமே உள்ள வகுப்பில், மென்பொருளால் எது முடியும், எதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்ற கணக்கு யாருக்கும் பிடிபடாது. பொறியாளர் மட்டுமே உள்ள வகுப்பில் மருத்துவமனை ஒரு வரைபடமாகவே நின்றுவிடும். முதல் பருவத்தில் மருத்துவத் தரப்புக்குத் தரவுத்தள வினவல் மொழியும் பைத்தான் நிரல்மொழியும் புள்ளியியலும் தேவை. அதே பருவத்தில் பொறியாளர்கள் வாரத்தில் இரண்டு அரைநாள் வார்டிலும் வெளிநோயாளிப் பிரிவிலும் ஆய்வகத்திலும் மருந்தகத்திலும் நின்று பார்க்கவேண்டும். அவர்கள் வெறுமனே நிற்கக்கூடாது. காலைச் சுற்றில் பேராசிரியர் வாய்மொழியாகச் சொன்ன மருந்து மாற்றம் கேஸ் ஷீட்டில் ஏறி, மருந்தகத்துக்குப் போய், செவிலியர் கையால் நோயாளிக்குச் சேரும் வரை எத்தனை முறை எழுதப்படுகிறது, யாரால், எதில் என்று வரைந்து கொண்டுவர வேண்டும். இரவுப் பணியிலும் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள். பகலில் பார்க்கும் வழிமுறைகளில் பாதி இரவில் மாறிவிடும் என்பது அப்போது தெரியும்.

பணியிடத்தைப் பற்றி நான் முதலில் சொன்னதற்கு அருகிலேயே நல்ல சான்று இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் 2009-இல் உயிர்மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. நார்வே அரசின் நிதியுதவியும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்பும் தொடக்கத்தில் இருந்தன. ஆனால் அப்படிப்பைத் தாங்கி நிறுத்தியது அந்த நிதி மட்டுமல்ல. சுகாதார அமைச்சில் பணிபுரியும் மருத்துவ அலுவலர்கள் அதில் சேர்ந்தார்கள்; படித்து முடித்து அமைச்சின் வெவ்வேறு பிரிவுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தகவலியலைக் கவனிப்பவர்களாகத் திரும்பினார்கள்; பின்னர் அதற்கு மேல் எம்.டி. நிலைக்கும் இத்துறை வளர்ந்தது. வெளிநாட்டு நிதியில் தொடங்கும் படிப்புகள் பல, நிதி முடிந்ததும் மூச்சை விட்டுவிடும். இங்கே அமைச்சுக்கே அந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அதன் பயன் 2020 ஜனவரியில் தெரிந்தது. இலங்கையில் முதல் கொரோனா நோயாளி ஜனவரி 27 அன்று கண்டறியப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வருவோரை விமான நிலையத்தில் பதிவுசெய்து, அவர்கள் போகும் ஊரின் சுகாதார அலுவலர் தொடர்ந்து கவனிக்கும்படியான ஒரு முறைமை உடனே வேண்டியிருந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்.2 என்னும், சுகாதாரத் தரவைத் திரட்டும் திறந்த மூல மென்பொருளை இலங்கைச் சுகாதாரத் துறை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தது. அதை எப்படி மாற்றி அமைப்பது என்று தெரிந்த, இந்தப் படிப்பின் வழியே வந்த மருத்துவர்களும் உள்ளூரில் இருந்தார்கள். அமைச்சோடு சேர்ந்து அவர்கள் மிகக் குறுகிய காலத்தில் அந்த முறைமையை உருவாக்கினார்கள். அதை முன்மாதிரியாக வைத்து ஒஸ்லோ தயாரித்த தொகுப்பைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. வெளியிலிருந்து நிறுவனத்தை அழைத்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, தேவைகளை விளக்கிச் சொல்லியிருந்தால் நோய் அதற்குள் ஊரெங்கும் பரவியிருக்கும். சுகாதாரத் துறைக்குள்ளேயே, அதன் நடைமுறை தெரிந்தவர்களிடமே தகவலியல் அறிவு இருந்ததுதான் இங்கே வேலை செய்தது.

அமெரிக்கா இதே பணியிடச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. சிகிச்சைத் தகவலியலை மருத்துவர்களுக்கான ஓர் உட்சிறப்புத் துறையாக 2011-இல் அங்கீகரித்து, 2013-இல் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தினார்கள். 2014 முதல் இரண்டாண்டுப் பயிற்சித் திட்டங்களுக்கு முறையான அங்கீகாரம் தந்தார்கள். குழந்தை மருத்துவர், அறுவை மருத்துவர், நோய்க்குறியியலாளர் என எத்துறையில் சிறப்புப் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். அங்கீகாரம் வந்ததால், மருத்துவமனைகளில் தலைமைத் தகவலியல் மருத்துவ அலுவலர் என்ற பதவிக்கு ஒரு தகுதி அளவுகோல் கிடைத்தது. தமிழ்நாட்டில் பணியில் இருக்கும் அரசு மருத்துவர்கள் மேற்படிப்புக்குப் போய்த் திரும்பி வந்து பணியாற்றும் வழக்கம் வெகுகாலமாக இருப்பதால், நமக்கு இலங்கை வழியே அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து போகிறது. வீட்டில் எடுத்த அளவும் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவும் மாவட்ட மருத்துவமனையின் பதிவும் ஒரே நோயாளிக்கு ஒன்றாகச் சேரவேண்டும். நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிந்து, ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணை வழங்கிவருகிறது. எண் கொடுப்பது தொடக்கம் மட்டுமே. அதன் பின்னால் வரும் பதிவு நம்பத்தக்கதாக இருக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆள் வேண்டும். ஆகவே கல்விக் குழுவிடம் போவதற்கு முன்னால் சுகாதாரத் துறைச் செயலகத்திடம் போங்கள். படித்து வருபவர்களுக்கு எத்தனை பணியிடம், எந்த நிலையில், எந்த அரசாணையின் கீழ் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

ஆசிரியர் விஷயம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. முதல் தலைமுறை ஆசிரியர்களுக்கு இத்துறையில் பட்டம் இருக்காது. இருக்கவேண்டும் என்று விதி வைத்தால் யாருமே கிடைக்கமாட்டார்கள். அமெரிக்கர்களே அந்தச் சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியபோது, முறையான பயிற்சி இல்லாமல் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவந்தவர்களும் எழுதலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்தார்கள்; ஐந்தாண்டுக்கென்று திட்டமிட்டதைப் பிறகு நீட்டிக்கவும் செய்தார்கள். உங்கள் மருத்துவமனையிலேயே, யாரும் கேட்காமல் இருபது ஆண்டுகளாகத் தன் துறையின் நோயாளிப் பதிவேட்டைக் கணினியில் பராமரித்துவரும் ஒரு பேராசிரியர் இருப்பார். ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இணைத்துக் கொடுத்த உயிர்வேதியியல் துறைக்காரர் ஒருவர் இருப்பார். மருத்துவப் பதிவேட்டுத் துறையில் ஐ.சி.டி. குறியீடுகளை மனப்பாடமாகச் சொல்லும் மூத்த அலுவலர் ஒருவர் இருப்பார். முதலில் இவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியிலிருந்து இருவரை இரட்டைப் பணி அமர்வில் சேருங்கள். இவர்களுடைய பதவி உயர்வுக்கு எந்தத் துறை பொறுப்பு என்பதை நியமன ஆணையிலேயே எழுதாவிட்டால், மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவராகத் தாய்த்துறைக்குத் திரும்பிவிடுவார்கள். இளையவர்களை முனைவர் பட்டத்துக்கு வெளியே அனுப்புவதானால், பாடங்களை அங்கே படித்து ஆய்வை இங்கே செய்யும் வகையில் அனுப்புங்கள். பெரு நாட்டின் கயெத்தானோ எரேதியா பல்கலைக்கழகம் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு 1999-இல் தொடங்கிய அமௌதா திட்டம் உள்ளூர்க் குறுகிய பயிற்சிகளையும் சியாட்டிலில் நீண்ட பயிற்சியையும் கலந்து நடத்தியது. அந்த வடிவம் பின்பற்றத்தக்கது.

பயிற்சிக்கான தரவைப் பொறுத்தவரை, முதல் பருவத்துக்கு வெளிநாட்டுப் பொதுத் தரவு போதும். எம்.ஐ.டி. வெளியிட்டுள்ள மிமிக் தரவுத்தளத்தின் மூன்றாம் பதிப்பில், பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2001 முதல் 2012 வரை சேர்ந்த நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் அடையாளம் நீக்கப்பட்டு உள்ளன. மனிதர்களைப் பற்றிய ஆய்வு நெறிகளில் பயிற்சிச் சான்றிதழ் பெற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அதைத் தருவார்கள். மாணவர்கள் அந்தப் படிகளை அவர்களே கடந்து வருவதே நல்ல பாடம். இரண்டாம் பருவத்திலிருந்து உள்ளூர்த் தரவு வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் நிரந்தர ஒப்புதலும், தரவு மருத்துவமனை வளாகத்தை விட்டு வெளியேறாத ஒரு தனிக் கணினிக்கூடமும் வேண்டும். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்ட நிலையில், பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பழக்கம் உங்கள் மாணவர்களிடம் இருக்கக்கூடாது. வயது, அஞ்சல் எண், அனுமதித் தேதி, அரிதான ஒரு நோய் ஆகிய நான்கும் இருந்தால் ஒரு சிற்றூரில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை அவர்களே முயன்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

செயற்கை நுண்ணறிவைப் படிப்பின் பெயரிலேயே சேர்க்கவேண்டும் என்று உங்கள் நிர்வாகம் கேட்கக்கூடும். மாணவர் சேர்க்கைக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் இசையவேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு ஒரு நல்ல தாள் போதும், அந்தத் தாளும் மதிப்பீட்டை மையமாகக் கொண்டிருக்க வேண்டும். ரத்த நச்சேற்றத்தை (செப்சிஸ்) முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லி அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட ஒரு கணினி மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுதந்திரமாகச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு அது எச்சரிக்கை எழுப்பியும், உண்மையில் ரத்த நச்சேற்றம் வந்தவர்களில் 67 சதவீதம் பேரைத் தவறவிட்டிருந்தது. 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு, கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு நிரல், நோயின் கடுமைக்குப் பதிலாகச் செலவழித்த பணத்தை அளவாகக் கொண்டதால் கறுப்பின நோயாளிகளைப் பின்னுக்குத் தள்ளியதைக் காட்டியது. சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும். உங்கள் பட்டதாரி ஒரு கொள்முதல் குழுவில் உட்கார்ந்து, 'இதை நம் நோயாளிகளிடம் சோதித்த முடிவு எங்கே, எதை எதற்குப் பதிலாக அளந்தீர்கள்?' என்று விற்பனையாளரைக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால், அவர் தாமே மாதிரி ஒன்றைக் கட்டுவதைவிட அதிக நன்மை செய்வார்.

ஆய்வேட்டைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. 'கர்ப்பிணிகளுக்கான கைபேசிச் செயலி' என்பது போன்ற தலைப்பில் ஒரு செயலியைச் செய்து, பத்துப் பேரிடம் காட்டி, 'பயனுள்ளதாக இருக்கிறது' என்று எழுதி வாங்குவது முதுநிலை ஆய்வாகாது. இரண்டாம் ஆண்டு முழுவதையும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருவதற்கும் அதை அளப்பதற்கும் ஒதுக்குங்கள். வீடு திரும்பும் நோயாளிக்குத் தரும் சுருக்கக் குறிப்பில் மருந்துப் பட்டியல் எத்தனை சதவீதம் முழுமையாக இருக்கிறது என்று மூன்று மாதம் அளந்து, படிவத்தை மாற்றி, மறுபடி மூன்று மாதம் அளந்து, மாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் ஏன் என்று பணி மருத்துவர்களையும் செவிலியர்களையும் நேர்கண்டு எழுதும் ஆய்வேடு, தோற்றத்தில் எளியது. ஆனால் அதைச் செய்து முடித்தவரை எந்த மருத்துவமனையிலும் நம்பி விடலாம். மாற்றம் பலன் தரவில்லை என்று நேர்மையாகக் காட்டும் ஆய்வேட்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்பதைத் தேர்வு விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் மாணவர்கள் பலன் கிடைத்ததாகவே எழுதுவார்கள்.

தொலைநிலையில் நடத்தலாமா என்ற கேள்வி நிச்சயம் எழும். ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹெர்ஷ் தலைமையில் 1999-இல் தொடங்கி, இணையவழியில் இப்படிப்பை நடத்திவருகிறார்கள். அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தோடு சேர்ந்து 2005-இல் தொடங்கிய குறுகிய பாடநெறியும் அங்கிருந்து வளர்ந்ததுதான். அவற்றில் சேருவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் என்பதால், பயிற்சிக்களம் அவர்கள் கைவசமே இருக்கிறது. உங்கள் படிப்புக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்காது. முதல் மூன்று அணிகளை முழுநேரமாக, பத்து முதல் பன்னிரண்டு பேரோடு நடத்துங்கள். விரிவுரைகளை அப்போதே பதிவுசெய்து வைத்தால், நான்காம் ஆண்டில் மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரிபவர்களுக்குப் பகுதிநேரப் பிரிவு ஒன்றை அதே ஆசிரியர்களைக் கொண்டு திறந்துவிடலாம். அதற்குள் முதல் அணியில் படித்தவர்கள் இருவராவது அந்த மருத்துவமனைகளில் பணியில் சேர்ந்திருப்பார்கள். பகுதிநேர மாணவர்களின் களப்பயிற்சியை மேற்பார்வையிட அவர்களையே நியமியுங்கள்.